பிலேமோன் நிருபம் படிக்கிறோம், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராயபுரத்தில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பிலேமோன் நிருபத்தை, அதாவது அப்போஸ்தலன் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதி பைபிளில் இருக்கும் கடிதத்தை, எடுத்திருக்கிறோம். ஒரே அதிகாரம், 25 வசனம்தான். ஆனால் 15-ஆம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

ஒநேசிமு தன் எஜமான் பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை என்றே பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தோம். 4-ஆம் நூற்றாண்டில் பிறந்த, பழங்காலச் சபையின் பேர்பெற்ற பிரசங்கியான கிறிசோஸ்தோமும் அப்படித்தான் விளக்கினார். நிருபத்திலோ அவன் ஓடினான் என்று நேரடியாக இல்லை; 15-ஆம் வசனத்தில் 'பிரிந்துபோனான்' என்று இருக்கிறது, அவ்வளவுதான். 18-ஆம் வசனத்திலும் கடன் ஏதாவது இருந்தால் என்கிறார் பவுல், திருடினான் என்று சொல்லவில்லை. எஜமானோடு சமாதானம் ஆவதற்காக, பவுலின் சிபாரிசைத் தேடி அவனே போயிருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "எல்லாரையும் பத்திப் பேசுது அண்ணா, ஒநேசிமு சொன்னதா ஒரு வரிகூட இல்லையே?" இதை மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 'சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்' என்கிற பவுல், 'விடுதலை செய்யும்' என்று ஏன் வெளிப்படையாக எழுதவில்லை? கடிதம் பிலேமோன் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது; எல்லார் முன்னாலும் வாசித்தால் பிலேமோனால் மறுக்க முடியுமா? அதிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோமர் கால அடிமைமுறை பற்றித் தமிழில் எளிமையான புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், இறையியல் படித்தவர்கள் யாராவது ஒரு ஞாயிறு சாயங்காலம் ராயபுரம் வந்து பேச முடியுமா? பிள்ளைகள் நிறைய கேள்வி கேட்பார்கள், அதற்குத் தயாராக வாருங்கள்.