வீட்டில் ஒயின் போட்டால் மிச்சமா, செலவா?

புதுக்குடித்தனம் கேட்டது:

வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டோம். ரொட்டி, தயிர், ஜாம் எல்லாம் வீட்டிலேயே ஆகிறது, செலவும் குறைந்திருக்கிறது, வயிறும் சும்மா இருக்கிறது. இப்போது கறுப்புத் திராட்சை 5 கிலோ மலிவாகக் கிடைத்ததால் ஒயின் போடலாம் என்று ஆசை. எப்போதாவது ஒரு கோப்பை குடிக்க, மற்றபடி சமையலுக்கு.

குறிப்பு தேடினால் தலை சுற்றுகிறது. ஒருவர் திராட்சைக்குச் சமமாகச் சர்க்கரை என்கிறார், இன்னொருவர் பாதி போதும் என்கிறார், வேறொருவர் சர்க்கரையே வேண்டாம் என்கிறார். சிலர் தினமும் கிளறச் சொல்கிறார்கள், சிலர் திறக்கவே கூடாதாம். 21 நாளில் குடிக்கலாமா, மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா? பாட்டில் வெடிக்கும், விஷச் சாராயமாகிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள், அதுவும் உண்மையா? எல்லாம் போக, இதில் காசு மிஞ்சுமா, உடம்புக்கு நல்லதா?

அடுப்பங்கரை:

பாதிக்குப் பாதி, அதாவது பழத்தின் எடையில் பாதி சர்க்கரைதான் எங்கள் வீட்டுக் கணக்கு. இனிப்பாக, கெட்டியாக இருக்கும், சீக்கிரத்தில் கெடாது, எல்லோருக்கும் பிடிக்கும். அளவுக்கருவியெல்லாம் வைத்துக்கொண்டு இதை ஒரு ஆராய்ச்சிக்கூடமாக ஆக்க வேண்டாம் தோழி. ஜாடியை வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்து, பழத்தைக் காம்பு நீக்கிக் கையால் பிசைந்து போட்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடி ஜாடியாக இருக்கட்டும். அலுமினியம், செம்பு, இரும்பு எதுவும் கூடாது, பழச்சாற்றின் புளிப்பு உலோகத்தை அரித்துவிடும்.

கணக்குப்புலி:

அடுப்பங்கரை அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பாதிக்குப் பாதியில்தான் காசும் உடம்பும் ஒன்றாக ஓட்டை விழுகிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

5 கிலோ திராட்சையில் சாறு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். நன்றாகப் பழுத்த சாப்பாட்டுத் திராட்சையில் லிட்டருக்கு 160 முதல் 180 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால், ஆக ஒன்றும் சேர்க்காமலே 9, 10 சதவீதம் வந்துவிடும். 12 சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 30, 40 கிராம் சேர்த்தால் போதும், மொத்தத்துக்கும் ஒரு கைப்பிடியோ இரண்டோ. அந்த இடத்தில் இரண்டரைக் கிலோ கொட்டினால் என்ன ஆகும்? ஈஸ்ட் தின்றது போக லிட்டருக்கு 400 கிராமுக்கு மேல் அப்படியே நிற்கும். 150 மில்லி கோப்பை ஒன்றில் 60 கிராம் சர்க்கரை! நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே சுமார் 50 கிராம்தான். ஜாமைத் தண்ணீர் விட்டுக் குடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கெடாமல் இருப்பதும் அதனால்தான், அவ்வளவு சர்க்கரையில் எந்தக் கிருமியும் திணறும், பாவம் ஈஸ்டும் திணறும்.

விஷ பயத்துக்கு வருவோம். பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து எல்லா ஒயினிலும் கொஞ்சம் மெத்தனால் (விஷச் சாராயத்தில் ஆளைக் கொல்லும் ஆல்கஹால்) உண்டு, கடையில் விற்பதிலும் உண்டு, நொதிக்க வைத்த அளவில் அது ஆபத்தான அளவுக்குப் போகாது. செய்திகளில் வரும் சாவுகள் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்த சாராயத்தால் வருபவை. ஒயினைக் காய்ச்சி வடிக்கும் எண்ணம் மட்டும் வரவே கூடாது, பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் அது குற்றம். ஒயின் போடுவதற்கே சில இடங்களில் அனுமதி வேண்டும், உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

வெடிக்கும் என்பது உண்மை. ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் சுமார் 250 லிட்டர் கரியமில வாயு வரும். உங்கள் மூன்று லிட்டரிலேயே 150 லிட்டர் வெளியே போக வழி தேடும். நொதிக்கும்போது இறுக்கி மூடினால் கண்ணாடி சிதறும்.

நுரைதள்ளி:

கிளறுவதா, திறக்கக் கூடாதா என்று கேட்டீர்களே, இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு நாட்களைப் பற்றிச் சொல்கிறார்கள்.

முதல் ஐந்து முதல் ஏழு நாள் தோலோடு கிடக்கும். நுரை பொங்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி நிற்கும், அது காய்ந்தால் பூசணம் பிடிக்கும், அதனால் காலையும் மாலையும் மரக்கரண்டியால் அமுக்கிவிட வேண்டும். நிறமும் அப்போதுதான் இறங்கும். வாயில் மெல்லிய துணியால் வேடு கட்டினால் போதும், உள்ளிருந்து கிளம்பும் வாயுவே காற்றைத் தள்ளி நிறுத்தும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் காலையில் தரையைத் துடைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

பொங்கல் அடங்கியதும் துணியில் வடிகட்டி, வாய் குறுகிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) போட்டுவிட வேண்டும். இனி காற்று எதிரி. ஆல்கஹாலை வினிகராக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று இருந்தால்தான் வேலை ஓடும், லூயி பாஸ்டர் 1860களிலேயே இதையெல்லாம் ஆராய்ந்து எழுதிவிட்டார். ஏர்லாக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம், மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயை இறுக்கமாகச் செருகி மறுமுனையைத் தண்ணீருக்குள் வைத்தால் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. மூன்று நான்கு வாரத்தில் அடியில் வண்டல் படியும், அதைக் கலக்காமல் தெளிவை மட்டும் குழாயால் இறக்கி வேறு பாட்டிலுக்கு மாற்றி, தெளியும்வரை இரண்டு மூன்று மாதம் விடுங்கள். 21 நாளில் குடித்தாலும் செத்துப்போக மாட்டீர்கள், ஆனால் ஈஸ்ட் வாடையும் கலங்கலுமாக இருக்கும்.

ஈஸ்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தோலில் இயற்கையாக இருப்பதே வேலை செய்யும், ஆனால் எது ஜெயிக்கும் என்று தெரியாது. ரொட்டி ஈஸ்டும் போடலாம், வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஒயின் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஒன்று இருபது லிட்டருக்குக்கூடத் தாங்கும். இருபதிலிருந்து இருபத்தெட்டு டிகிரி வெப்பம் அதற்குச் சுகம், 35ஐத் தாண்டினால் தவிக்கும்.

முழுக்க நொதித்து முடிந்தபிறகுதான் மூடி போட்ட பாட்டில். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால், அதன் அளவு தண்ணீருக்கான 1.000க்குக் கீழே இறங்கி, சில நாள் அசையாமல் நிற்க வேண்டும். அடுப்பங்கரை அக்கா சொன்ன இனிப்பு ஒயினை வெளியே வைத்து இறுக்கி மூடுவதுதான் எனக்குப் பயம், திணறிக் கிடந்த ஈஸ்ட் வெயில் காலத்தில் மறுபடி விழித்துக்கொள்ளும்.

உப்புக்கல்:

உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியை எல்லோரும் நைசாகத் தாண்டிப் போகிறீர்கள். நல்லதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது, எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. வீட்டில் போட்டது, பழத்தில் போட்டது என்பதற்கெல்லாம் கல்லீரல் சலுகை தராது. ருசிக்காகக் குடிக்கிறேன் என்றால் சரி, மருந்து என்று பேர் வைக்க வேண்டாம்.

சமையலில் ஊற்றினால் ஆவியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. குழம்பில் கலந்து கால் மணி நேரம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருந்தெடுப்பவருக்கும் பரிமாறும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

புதுக்குடித்தனம்:

சர்க்கரைக் கணக்கைப் பார்த்ததும் வாங்கி வைத்த மூட்டையை ஜாம் பக்கம் நகர்த்திவிட்டேன். சரி, குடிப்பதைக் குறைத்துச் சமையலுக்கே வைத்துக்கொள்கிறேன். வடிகட்டிய சக்கையை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

கணக்குப்புலி:

போடாதீர்கள், மிச்சம் என்று சொல்ல அதில்தான் ஏதாவது இருக்கிறது. நாலு பாட்டில் ஒயினுக்குப் பழம், ஈஸ்ட், மூன்று மாதக் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால், பழம் மலிவாகக் கிடைத்தால் ஒழிய லாபம் பெரிதாக இராது. சக்கையில் கொதித்து ஆறிய தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்தால் இன்னொரு முறை நொதிக்கும், மெலிதாக வரும். ரோமானியர் காலத்திலேயே பண்ணை வேலைக்காரர்களுக்கு இப்படி ஒன்றைத்தான் கொடுத்தார்கள். அதைக் குடிப்பதைவிட, சூடுபடுத்தாத, பாக்டீரியா உயிரோடு இருக்கும் வினிகர் கொஞ்சம் விட்டு, வேடு கட்டி, காற்றுப்பட வைத்துவிடுங்கள். ஓரிரு மாதத்தில் வினிகர் ஆகிவிடும், சாலட்டுக்கும் இறைச்சி ஊறவைக்கவும் அருமையாக இருக்கும். ஒயின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், துணியும் கரண்டியும் தனி.

அடுப்பங்கரை:

அந்த வினிகரை நம்பி ஊறுகாய் போட்டு மாதக்கணக்கில் வெளியே வைக்க வேண்டாம், அதற்கு 5 சதவீதப் புளிப்பு வேண்டும், வீட்டு வினிகரில் எவ்வளவு என்று நாக்கு சொல்லாது. திறந்த பாட்டிலில் மிஞ்சும் ஒயினை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் குழம்புக்கு ஒரு கட்டி, இரண்டு கட்டி என்று எடுக்கலாம். சர்க்கரை விஷயத்தில் கணக்குப்புலி தம்பி சொன்னதை யோசிக்கிறேன், ஆனால் எங்கள் வீட்டில் இனிப்பில்லாவிட்டால் யாரும் தொட மாட்டார்கள்.

நுரைதள்ளி:

அப்படியானால் இனிப்பில்லாமல் போட்டு, கோப்பையில் ஊற்றும்போது அரை ஸ்பூன் கலந்துகொடுங்கள் அக்கா. புதுக்குடித்தனம், பிசையும்போது மிக்ஸியில் மட்டும் அடித்துவிடாதீர்கள், விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும், அப்புறம் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது.