ஆரக்கிள் மெசேஜிங் கேட்வே: அமைத்தவர்களின் அனுபவங்கள்

இரவுப்பணியாளன்:

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி விவரங்கள் ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருந்தன. பணம் வழங்கும் பிரிவோ ஐபிஎம் எம்க்யூ என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருள் வழியாக வரும் செய்திகளை மட்டுமே ஏற்கும். இடையில் தனி நிரல் எழுத வேண்டாம், ஆரக்கிளுக்கும் பிற செய்தி மென்பொருள்களுக்கும் இடையே செய்தி கடத்த ஆரக்கிளுடன் வரும் மெசேஜிங் கேட்வேயே போதும் என்று முடிவானது. எம்க்யூவுக்கு ஓர் இணைப்பை உருவாக்குவது, அங்குள்ள கியூவை, அதாவது செய்திகள் காத்திருக்கும் வரிசையை, கேட்வேயில் பதிவு செய்வது, செய்தி கடத்தும் வேலையைத் தொடங்குவது. ஆவணத்தில் படித்தால் அரைநாள் வேலை. உயிரை வாங்கியது அதற்கு முந்தைய படி.

கேட்வேயின் ஏஜென்ட், அதாவது செய்திகளைக் கடத்தும் நிரல், தரவுத்தளத்துக்கு வெளியே ஓடுகிறது. தரவுத்தளத்துக்கு வரும் இணைப்புகளை ஏற்கும் லிஸனர், வெளி நிரல்களை இயக்கும் 'எக்ஸ்ட்ப்ராக்' செயலியை எழுப்பினால்தான் அதற்குள் ஏஜென்ட் கண்விழிக்கும். இதற்காக லிஸனர் கோப்பில் ஜாவா நூலகங்களின் பாதையும், இணைப்புப் பெயர்கள் இருக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் 'எம்ஜிடபிள்யூ_ஏஜென்ட்' என்ற பதிவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தன. ஆனாலும் வெளிச் செயலியோடு இணைய முடியவில்லை என்று சொல்லும் ஓஆர்ஏ-28575 பிழை போகவில்லை. அந்தச் சர்வரில், இணைப்புப் பெயர்களின் பின்னால் தானாகச் சேரும் இயல்பு டொமைன் ஒன்று ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தால் பதிவின் பெயருக்குப் பின்னாலும் அந்த டொமைனைச் சேர்த்தாக வேண்டும். பிழைச்செய்தியை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது.

எம்க்யூவின் ஜாவா நூலகங்களான ஜார் கோப்புகளுக்கான பாதையை, கேட்வேயின் அமைப்புக் கோப்பான எம்ஜிடபிள்யூ.ஓராவில் கொடுக்க வேண்டும். கேட்வேயின் நிலைப் பட்டியலில் ஏஜென்டின் நிலை 'ரன்னிங்' என்று வந்துவிட்டதே என்று எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்திலேயே 'பிங்' என்றொரு நெடுவரிசை உண்டு. அதில் 'ரீச்சபிள்' வந்த பிறகு டீ குடிக்கப் போகலாம்.

வரிசைக்காரன்:

நான் எம்க்யூ பக்கத்து ஆள். எங்களிடம் வரும் புகார் பெரும்பாலும் 2035 என்ற பிழை எண், அதாவது அனுமதி இல்லை. 2011இல் வந்த எம்க்யூ 7.1 பதிப்பிலிருந்து, உள்ளே வரும் இணைப்புப் பாதைகளான சேனல்களுக்கு அங்கீகார விதிகள் உண்டு; நிர்வாகி உரிமை கொண்ட பயனர் வெளியிலிருந்து சர்வர் சேனல் வழியாக நுழைவதை அவை இயல்பாகவே தடுக்கும். தரவுத்தளக் குழுவினரோ அந்த நிர்வாகிப் பயனரைத்தான் கேட்பார்கள். 'விதிகளை மொத்தமாக அணைத்துவிடுங்களேன்' என்ற யோசனையும் கூடவே வரும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தனிச் சேனல், சாதாரணப் பயனர், தேவையான கியூக்களுக்கு மட்டும் உரிமை. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அந்தக் கியூக்களின் பட்டியலில் கேட்வேயின் குறிப்புக் கியூக்களும் அடங்கும். போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று. எந்தச் செய்தி கைமாறியது என்ற கணக்கைக் கேட்வே இவற்றில்தான் வைத்துக்கொள்கிறது. இடையில் செத்து எழுந்தாலும் ஒரே செய்தியை இருமுறை அனுப்பாமலிருக்க அதுவே ஆதாரம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், 'இந்தக் கியூவை யாரும் படிப்பதாகத் தெரியவில்லையே சார், காலி செய்துவிடட்டுமா?' என்று கேட்டார். நல்ல வேளை, செய்வதற்கு முன்னால் கேட்டார். இன்னொன்று: இந்த உத்தரவாதம் நிலைத்த செய்திகளுக்கு, அதாவது எம்க்யூ நின்று எழுந்தாலும் அழியாதவற்றுக்கு, மட்டுமே. எம்க்யூ கியூக்களின் இயல்பு அமைப்போ 'நிலைத்தது அல்ல' என்பது. கேட்வேக்குச் செய்தி போடுபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழையகணினி:

இருவரும் சொல்லாமல் விட்டது பதினாறு. செய்தி கடத்தும் வேலை 16 முறை தோற்றால் கேட்வே அதை நிறுத்திவிடும். அதற்கப்புறம் எம்க்யூ சரியாகிவிட்டாலும் தானாகத் தொடங்காது. நாம்தான் அந்த வேலையை 'ரீசெட்' செய்ய வேண்டும். ஏஜென்ட் மட்டும் 'ரன்னிங்' என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

எங்கள் மருத்துவமனை வாடிக்கையாளரிடம் இதைத் தொடங்கி வைத்தது ஒரே ஒரு செய்தி. யாரோ ஸ்கேன் அறிக்கையை முழுதாக உள்ளே திணித்திருந்தார்கள். எம்க்யூவில் ஒரு செய்தியின் இயல்பு வரம்பு 4 எம்பி. இது அதைத் தாண்டியது, போகாமல் நின்றது, பின்னால் வந்தவையெல்லாம் தேங்கின. விதிவிலக்குக் கியூ ஒன்றை அமைத்திருந்தால், அளவு மீறிய செய்தி அங்கே ஒதுங்கியிருக்கும். மற்றவை தடையின்றிப் போயிருக்கும். ஆரக்கிள் பக்கத்தில் அது சாதாரணக் கியூவாக இருக்க வேண்டும், ஆரக்கிளின் சொந்த விதிவிலக்குக் கியூ வகை செல்லாது. செய்தியின் வகையும் மூலக் கியூவினுடையதாகவே இருக்க வேண்டும்.

இப்போது அங்கே தோல்வி எண்ணிக்கையைக் கண்காணிப்பு நிரல் ஒன்று பார்க்கிறது. ஐந்தைத் தொட்டால் கைப்பேசிக்குத் தகவல் வரும். பதினாறை எட்டும்வரை காத்திருப்பதில்லை.