காட்சி தெரியும் மேஜையில் தபாஸ் சாப்பிட்டவர்கள், மனதில் நிற்பதை எழுதுங்கள்

பயணப்பை

ஸ்பெயினில் கிரனாடா போனவர்களுக்கு அல்பைசின் மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே அல்ஹம்ப்ரா கோட்டை. அங்கே கார்மென் என்கிற பழைய தோட்ட வீடுகளை ரெஸ்டாரண்டாக மாற்றி, மாடியில் மேஜை போட்டு, கீழே சந்துக்கடையில் கிடைக்கும் தபாஸ் என்கிற சின்னத் தட்டுத் தீனிக்கே எக்கச்சக்க விலை வைத்திருக்கிறார்கள். தெரிந்துதான் போனோம். நான், வீட்டுக்காரர், மாமியார். மே மாதம், பொழுது சாய ஒன்பதே கால் ஆகும் என்று எட்டரைக்கு மேஜை சொல்லி வைத்திருந்தோம். சுவரை ஒட்டிய வரிசை கிடைக்கவில்லை. இரண்டாவது வரிசை.

பூண்டு இறால் வந்தது. மண்சட்டியில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, பூண்டுச் சீவல் ஓரத்தில் கருக ஆரம்பித்திருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து எதிரே கோட்டைச் சுவர் சிவந்தது. மாடியில் இருந்த எல்லாரும் எழுந்து முன்னால் போய் போனைத் தூக்கிப் பிடித்து நின்றுவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். மாமியாருக்கு முழங்கால் வலி, அவர் எழவே இல்லை.

வயதான வெயிட்டர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. மாமியாரைப் பார்த்து 'திருப்பட்டுமா' என்பது போல் கையைக் காட்டினார், அவர் தலையாட்டியதும் நாற்காலியின் முதுகைப் பிடித்து, உட்கார்ந்திருந்தவரை அப்படியே மேற்குப் பக்கம் திருப்பி வைத்தார். அங்கே சமவெளிக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் வெளிச்சம் விழுந்த சுவரைப் பார்க்க, சூரியனைப் பார்த்தது என் மாமியார் ஒருவர்தான்.

தட்டு கொண்டுபோக வழி பண்ணிக்கொண்டார், அதற்குப் போய் உருகுகிறாயே என்கிறார் வீட்டுக்காரர். வீட்டில் இன்னும் இது தீரவில்லை.

உப்புக்கல்

அக்கா, நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. அந்த நேரத்தில் எல்லாரும் எழுந்து நிற்பது அங்கே தினம் நடப்பது, வெயிட்டருக்கு நடக்க இடம் வேண்டாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு நடந்தது சான் செபாஸ்தியானில். வடக்கே அதைத் தபாஸ் என்று சொன்னால் முகம் கோணும், பின்ச்சோ என்றுதான் சொல்ல வேண்டும். லா கோன்ச்சா வளைகுடா முழுவதும் தெரிகிற உசரத்தில் ஒரு இடம். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. தீவு இல்லை, கரை இல்லை. கண்ணாடியில் எங்கள் முகம் மட்டும் தெரிந்தது.

அதைக்கூட விடுங்கள். ஒவ்வொரு தட்டும் கொண்டு வந்த பையன், மனப்பாடம் செய்ததைச் சொல்கிற மாதிரி, ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "இந்த நெத்திலி இதோ இந்தக் கடலில் பிடித்தது" என்றான். எந்தக் கடல்? ஒரு ஆலிவ், ஒரு ஊறுகாய் மிளகாய், ஒரு நெத்திலி, குச்சியில் குத்தி ஒரு கருங்கல்லின் மேல் தனியாகக் கிடந்தது. இதையே பழைய ஊர்ப் பக்கம் கவுண்டரில் நின்றுகொண்டு, பக்கத்து ஆள் முழங்கை இடிக்க, சாகொலி ஒயினை உயரத்திலிருந்து தெறிக்கத் தெறிக்க ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டிருந்தேன். அது இறங்கியது. இது இறங்கவில்லை.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சில விஷயங்கள்.

மொட்டைமாடி, வெளிமேஜை என்றால் ஸ்பெயினில் தனிக் கட்டணம் வாங்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே, விலைப்பட்டியலில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். பில்லில் திடீரென்று முளைத்தால் கேளுங்கள். பட்டியலில் வரியோடு சேர்த்த விலைதான் இருக்க வேண்டும், ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு 10 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாகக் கட்டாயமில்லை, டிப்ஸும் உங்கள் இஷ்டம். 2022-இல் வந்த கழிவுச் சட்டப்படி குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். கேட்காவிட்டால் பாட்டில்தான் வரும். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது அளவு. தபா என்பது சின்னத் தட்டு, மெடியா ராசியோன் பாதி, ராசியோன் முழுசு. நல்ல இடங்கள் பலவற்றில் தபா அளவே கிடையாது, பாதியிலிருந்துதான் ஆரம்பம். மூன்று பேர் போய் ஆளுக்கு மூன்று முழுசு சொல்லிவிட்டு மூச்சு முட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தமாகச் சொல்லாதீர்கள். இரண்டு தட்டு சொல்லுங்கள், வந்ததும் அடுத்தது.

நேரம்: பல இடங்களில் இரவுச் சமையல் எட்டரைக்கு முன்னால் தொடங்காது. அந்த ஊர்க்காரர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். கோடையில் சூரியன் மறையும் நேரம் அதோடு ஒத்துப்போகும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், இரவுச் சாப்பாட்டுக்குப் போய்க் காட்சி தெரியவில்லை என்று புலம்பக் கூடாது. மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். மேஜை சொல்லும்போதே சுவரை ஒட்டிய இடம் என்று எழுதிக் கேளுங்கள், வாயால் சொன்னது நிற்காது.

ரொட்டி: நீங்கள் கேட்காமலே கூடையில் வரும், தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு துண்டு கடித்த பிறகு பேச முடியாது.

என் அனுபவமா? மாலகாவில் போனேன், துறைமுகம் தெரிந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது.

கீரைக்கட்டு

கணக்குப்பிள்ளை அண்ணா, கேட்டது அனுபவம்! நீங்கள் அனுபவத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

பயணப்பை அக்கா சொன்ன விலை விஷயத்தில் எனக்கு வேறு ஒரு கோபம். கிரனாடாவில் சாதாரண பாரில் ஒரு டிரிங்க் சொன்னால் தபா ஒன்று சும்மாவே வரும். அடுத்த டிரிங்குக்கு அடுத்த தட்டு. அந்த ஊரில் போய், காட்சிக்கென்று மேலே ஏறி, ஆலிவ் கிண்ணத்துக்குக் காசு கொடுப்பது... சரி, நானும் கொடுத்தேன். பேசி என்ன.

நான் சுத்த சைவம். கத்திரிக்காயைப் பொரித்து மேலே கரும்புப் பாகு விட்டுத் தருவார்கள், அந்தத் தெற்குப் பக்கம் போகும் சைவர்கள் இதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய், பாகு கொஞ்சம் கசந்து இனிக்கும். இரண்டாவது தட்டும் சொன்னோம். அப்புறம் சால்மொரேஹோ சொன்னேன். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டு அரைத்த கெட்டியான குளிர் சூப், கோர்தோபா ஊருடையது. மேலே பன்றித்தொடை இறைச்சியும் முட்டையும் தூவுவது வழக்கம் என்று தெரிந்து, இரண்டும் வேண்டாம் என்று எழுதியே காட்டினேன். தூவித்தான் வந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்துப் போனார்கள். இரண்டு நிமிடத்தில் புதுசு வந்தது.

வெள்ளைக் கிண்ணம். முதல் கிண்ணத்தின் விளிம்பில், ஊற்றும்போது சிந்திய சிவப்புச் சொட்டு ஒன்று, வால் வைத்த மாதிரி கீழே இழுத்திருந்தது. நான் அதைப் பார்த்து வைத்திருந்தேன். புதுசு என்று வந்த கிண்ணத்திலும் அதே சொட்டு, அதே வால். நடுவில் கரண்டியால் வழித்த பள்ளம்.

சுற்றிலும் விளக்குப் போட்ட கோட்டை, எதிரே நண்பர்கள், பிறந்தநாள் வேறு. நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை வைத்துக்கொள்ளட்டும். "புதுசு" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னாரே, அதுதான்.

உப்புக்கல்

நீங்கள் கத்தியிருக்க வேண்டும். அந்த நாட்டில் ஒவ்வொரு கடையிலும் புகார்ப் படிவம் இருக்கும், கேட்டால் தர வேண்டும்.

கீரைக்கட்டு

பிறந்தநாள் என் நண்பனுடையது. அவனுக்கு முன்னால் படிவம் கேட்க மனம் வரவில்லை.

பயணப்பை

உப்புக்கல் தம்பி, வழி வேண்டுமென்றால் நாற்காலியை முன்னால் தள்ளினாலே போதும். அவர் திருப்பினார். இதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், "இரண்டும் ஒன்றுதான்" என்று டிவி பார்க்கப் போய்விட்டார்.

தெற்குச் சாளரம்

பார்சிலோனா, மொன்ஜுயிக் குன்று. கீழே துறைமுகம், கப்பல், எல்லாம் தெரியும். அப்பாவை அழைத்துப் போயிருந்தேன்.

திரவ ஆலிவ் சொன்னேன். தெரிந்திருக்கும், எல் புல்லி ரெஸ்டாரண்டில் 2005 வாக்கில் சமையல்காரர் ஃபெரான் அத்ரியாவின் குழு செய்தது. அந்த ரெஸ்டாரண்ட் 2011-இல் மூடினாலும் அந்த ஆலிவ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கால்சியம் உப்புக் கலந்த ஆலிவ் சாற்றைக் கரண்டியால் ஆல்ஜினேட் என்கிற கடற்பாசிப் பொடிக் கரைசலில் விட்டால் மேலே மெல்லிய தோல் கட்டும், உள்ளே சாறாகவே இருக்கும். பார்க்க அச்சு அசல் பச்சை ஆலிவ். கரண்டியில் ஒன்றே ஒன்று வரும், வாயில் வைத்ததும் உடையும்.

அப்பாவிடம் முன்னாடியே சொல்லாமல் விட்டேன், ஆச்சரியப்படட்டும் என்று. வாயில் போட்டார். முகம் மாறியது. நாக்கு உள்ளே எதையோ தேடுவது கன்னத்தில் தெரிந்தது. அப்புறம் குனிந்து தட்டைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், துண்டை விரித்துப் பார்த்தார். "கொட்டையை முழுங்கிட்டேன் போல" என்றார், கொஞ்சம் பயந்து. பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தட்டுக்கும், குரோக்கெட்டா என்கிற பொரித்த உருண்டைக்குக்கூட, நான் முதலில் எடுத்து வாயில் வைக்கும் வரை அவர் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தார். கப்பல் ஒன்று விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பியது, "அப்பா பாருங்க" என்றேன். என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளை

பெரியவர்களை அழைத்துப் போகும்போது தட்டு வருவதற்கு முன்பே என்ன, எப்படி என்று சொல்லிவிடுவது நல்லது. மெதுவாகப் பேசும் வெயிட்டர் யார் என்று பார்த்து அவரிடமே எல்லாம் சொல்லுங்கள். பத்ரோன் மிளகாய் சொன்னால் எச்சரிக்கை, பெரும்பாலும் காரம் இருக்காது, நடுவில் ஒன்று மாட்டும், எது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயதானவர்களுக்கு வேண்டாம்.

தெற்குச் சாளரம்

எங்கள் அப்பா காரத்துக்குப் பயப்படுகிறவர் இல்லை, அண்ணா.

காற்றாடி

ரொட்டி பற்றிப் பேசியதால் நான்.

ரோந்தா. 1793-இல் கட்டி முடித்த அந்தப் பாலம், நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பள்ளம், அதன் விளிம்பில் மேஜை. சாப்பாடு சுமார்தான், ஹமோன் என்கிற பன்றித்தொடை இறைச்சியை மட்டும் காகிதம் போல் சீவியிருந்தார்கள், கொழுப்பு விரல் சூட்டிலேயே கசிந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. நாப்கினை எல்லாம் தட்டுக்குக் கீழே செருகி வைத்தோம்.

பில் வந்தது. நான்கு பேருக்கு ரொட்டி என்று போட்டிருந்தது. நாங்கள் ரொட்டியே தொடவில்லை, கூடை அப்படியே இருந்தது. இதைக் கேட்பதா வேண்டாமா என்று மனைவியும் நானும் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தோம். "அற்பக் காசு, விடுங்க" என்று அவள் கண். பில்லைக் கிளிப்பிலிருந்து எடுத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கையில் பிடித்தேன், காற்று பிடுங்கியது. தடுப்புக் கம்பிக்கு வெளியே கொஞ்ச நேரம் மேலேயே மிதந்தது, அப்புறம் சர்ரென்று பள்ளத்தில்.

வெயிட்டர் வந்து எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய் வேறு பில் அடித்துக்கொண்டு வந்தார். அதில் ரொட்டி இல்லை. கூடையும் மேஜையை விட்டுப் போயிருந்தது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, நாங்கள் நான்கு பேருமே பார்க்கவில்லை. எல்லாரும் பில் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணக்குப்பிள்ளை

முதல் பில்லில் வரி சேர்த்த விலையா, தனியாகவா? பார்த்தீர்களா?

காற்றாடி

ஆற்றில் இறங்கித்தான் பார்க்க வேண்டும், அண்ணே.