சின்ன மேஜை, R183 வளைவு: எந்த N கேஜ் மாதிரி ரயில் ஓடும்?

கசாய்வாசி:

வணக்கம். டோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறோம். சின்ன வீடு, தரையில் தண்டவாளம் போட்டால் ராத்திரி படுக்கை விரிக்க இடம் இருக்காது. அதனால் 60 × 45 செ.மீ. பலகை ஒன்றில் N கேஜ் (9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் மாதிரி ரயில்) போட்டு, ஓட்டி முடித்ததும் அலமாரி மேல் ஏற்றிவிடலாம் என்று யோசனை. கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக் காம்பாக்ட் தண்டவாளத்தில் R117, R150, R183 என்று வளைவுகள் கிடைக்கின்றன (R என்பது மி.மீ.ல் வளைவின் ஆரம்). மகளுக்கு நாங்கள் தினமும் ஏறும் தோசாய் லைன் மெட்ரோ ரயில்தான் வேண்டுமாம். பத்துப் பெட்டி கேட்டவளை நான்குக்கு இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் கடைக்காரர் R249க்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்கிறார். சக்கரம்தான் திரும்புகிறதே, ஏன் ஓடாது? ஓடாது என்றால் வேறு எதை வாங்கலாம்?

ஒன்பது மில்லி:

கடைக்காரர் சொன்னது சரி. உங்களிடம் விற்றுவிட்டுப் போகாமல் உண்மையைச் சொன்னாரே, அந்தக் கடையை விடாதீர்கள்.

தோசாய் லைன் பெட்டி நிஜத்தில் 20 மீட்டர். ஜப்பானிய N கேஜில் 150ல் ஒரு பங்கு, அதாவது 133 மி.மீ. பெட்டிக்கு அடியில் இரண்டு ட்ரக் (சக்கரங்களைத் தாங்கித் தனியாகத் திரும்பும் சட்டம்), ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரம். இரண்டு ட்ரக்கின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே சுமார் 92 மி.மீ. பெட்டியின் மொத்த நீளத்தைவிட இந்த 92தான் முக்கியம். வளைவில் ட்ரக்குகள் தண்டவாளத்தோடு போகும். பெட்டியின் வயிறு உள்பக்கம் சாயும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் துருத்தும். 92ஐ 92ஆல் பெருக்கி, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வயிறு எவ்வளவு தள்ளும் என்று வந்துவிடும். R249ல் நாலே கால் மி.மீ. R183ல் கிட்டத்தட்ட 6. R117ல் 9! தண்டவாள அகலமே 9 மி.மீ.தான்.

அது பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதானே என்றால், இல்லை. R249ல் ட்ரக் பெட்டிக்கு அடியில் 11 டிகிரி திரும்பினால் போதும். R117ல் 23 டிகிரி திரும்ப வேண்டும். அதற்குள் சக்கரம் பெட்டியின் கீழ் விளிம்பிலோ அடியில் தொங்கும் கருவிகளிலோ போய் இடிக்கும். இடித்ததும் ஒரு சக்கரம் லேசாக ஏறும், அடுத்த நொடி ரயில் கீழே. அடுத்தது கப்ளிங், அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கி. ட்ரக்கோடு சேர்ந்து திரும்பும் ஆர்னால்ட் கப்ளிங் ஓரளவு சமாளிக்கும். பெட்டியின் உடம்பிலேயே பொருத்திய கப்ளிங் பார்க்க நிஜம் மாதிரி இருக்கும், ஆனால் சின்ன வளைவில் அது அடுத்த பெட்டியை இழுத்துத் தள்ளிவிடும்.

இன்னொரு கணக்கு. உங்கள் பலகையில் R183ல் 45 டிகிரி துண்டு எட்டும், 186 மி.மீ. நேர்துண்டு இரண்டும் போட்டால் 577 × 391 மி.மீ. வரும். அழகாக உட்காரும். ஆனால் மொத்தச் சுற்றே ஒன்றரை மீட்டர்தான். பத்துப் பெட்டி தோசாய் 1.3 மீட்டருக்கு மேல். ரயில் தன் வாலைத் தானே பிடிக்க ஓடும்.

என் யோசனை: வளைவுக்கு ஏற்ற நிஜ ரயிலைத் தேடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எனோடென் என்ற சின்ன ரயில் பாதை. ஃபுஜிசாவாவிலிருந்து காமாகுரா வரை 10 கிலோமீட்டர், 15 நிலையம். 1902ல் முதல் பகுதி திறந்தது. எனோஷிமாவுக்கும் கோஷிகோஎவுக்கும் நடுவில் தெருவிலேயே ஓடும், கார்கள் ஒதுங்கி நிற்கும். அங்கே கோயில் முனையில் ஒரு திருப்பம், ஆரம் 28 மீட்டர். 28 மீட்டரை 150ஆல் வகுத்துப் பாருங்கள்: 187 மி.மீ. உங்கள் R183தான் அது! பொம்மைக்காக வளைவைத் தனியாகச் சுருக்கவே வேண்டாம். பெட்டிகளும் 20 மீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரே ட்ரக்கைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு என்பதால் அந்த இணைப்பில் முனைகள் துருத்துவதும் இல்லை. மோடமோ என்ற பிராண்ட் பல வருடமாக எனோடெனை N கேஜில் போட்டு வருகிறது. டோமிடெக் ரயில் கலெக்‌ஷனிலும் உண்டு, ஆனால் அதற்கு மோட்டார் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

தோசாய் பிடிவாதம்தான் சிக்கல். அதற்கு நீங்கள்தான் பேச வேண்டும்.

டிராம் பிரியை:

குழந்தையின் ஆசையை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். பொம்மைக் கம்பெனி பண்டாயின் பி ட்ரெயின் ஷார்ட்டி என்று ஒரு வரிசை இருந்தது. நிஜ ரயிலின் முகமும் நிறமும் அப்படியே, உடம்பு மட்டும் பாதிக்கும் குறைவாகக் குறுக்கியது, கைவிரல் நீளம். நீங்களே சேர்க்கும் கிட். கேட்டோவின் சின்ன வண்டி மோட்டார் யூனிட் அதில் பொருந்தும், R117ல்கூட ஓடும். இப்போது பெரும்பாலும் பழைய பொருள் கடைகளில்தான் கிடைக்கிறது. நகர ரயில்கள் நிறைய வந்திருக்கின்றன, அகிஹபாராவில் கண்ணாடி அலமாரிகளை நிதானமாகப் பாருங்கள். கிட் சேர்க்கப் பொறுமை இல்லையென்றால் கேட்டோவின் பாக்கெட் லைன் இருக்கிறது. தயாராகவே வரும், R117லும் ஓடும். பொம்மைத்தனமாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒன்று மட்டும்: சின்ன வண்டிகளில் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும். தண்டவாளத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் நின்றுவிடும். ஓட்டும் முன் துடைத்துவிடுங்கள்.

ஒன்பது மில்லி:

பி ட்ரெயின் எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல வழி. கூடவே ஒன்று சொல்கிறேன்: முழு நீளத் தோசாயை வாங்கி வைத்துக்கொள்வதில் தவறில்லை. மணிக்கணக்கில் வாடகைக்குத் தண்டவாளம் தரும் கடைகள் நகரத்தில் பல இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே பத்துப் பெட்டியையும் ஓட்டலாம். வீட்டில் எனோடென்.

கசாய்வாசி:

எல்லோருக்கும் நன்றி. எனோடென் என்றதும் மகளிடம் படம் காட்டினேன், "கடல் பக்கம் போற ரயிலா?" என்று கேட்டாள். பாதி வேலை முடிந்தது. பலகையில் ஒரு பிளாட்பாரமும் வேண்டுமாம். வளைவை ஒட்டி வைக்கலாமா? அப்புறம், நேர்க்கோடு சலிப்பாக இருக்கும் என்று நடுவில் ஒரு எஸ் வளைவு போட ஆசை.

ஒன்பது மில்லி:

இந்த அளவுப் பலகையில் எஸ் வேண்டாம். ஒரு பெட்டியின் முனை இடப்பக்கம் துருத்தும்போது அடுத்ததன் முனை வலப்பக்கம் துருத்தும், கப்ளிங் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு வளைவுக்கும் இடையே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்துண்டு வையுங்கள். உங்களிடம் அதற்கு இடமில்லை.

பிளாட்பாரம் நேர்துண்டில்தான். அதிலும் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏனென்றால் முன் ட்ரக் வளைவில் நுழைந்ததுமே பெட்டி சாய ஆரம்பித்துவிடும். எங்கே ஒட்டலாம் என்று ஊகிக்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியின் நடுவில், வளைவின் உள்பக்கமாக, ஒரு சின்னப் பென்சில் துண்டை செல்லோடேப்பால் ஒட்டி, முனை பலகையைத் தொடும்படி வைத்து, கையால் மெதுவாக ஒரு சுற்று தள்ளுங்கள். பிறகு வெளிப்பக்க முனையில் ஒட்டி இன்னொரு சுற்று. விழும் இரண்டு கோடுகளுக்கு வெளியே இன்னும் 2 மி.மீ. விட்டு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். மரம், கம்பம் எல்லாவற்றுக்கும் இதேதான். வாடகைத் தண்டவாளத்துக்கு வாங்கும் தோசாயை இந்தப் பலகையில் ஏற்ற மாட்டீர்கள்தானே? அப்படியென்றால் எனோடெனையே தள்ளி அளந்தால் போதும்.