கிச்சன் ஷட்டர் மட்டும் மாற்றுகிறோம்: சாம்பிளில் எதைப் பார்த்து வாங்குவது?

நிலாமுற்றம்:
வணக்கம். எங்கள் மாடுலர் கிச்சனின் பாடி (கதவு மாட்டியிருக்கும் பெட்டி) உறுதியாகத்தான் இருக்கிறது, கதவுகளை மட்டும் மாற்றப் போகிறோம். இப்போது இருப்பது எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் பி.வி.சி ஃபாயில் என்கிற பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ஷட்டர். சிங்குக்குக் கீழே உள்ள இரண்டும் அடிப்பக்கம் உப்பிவிட்டன. ஓவனை ஒட்டிய கதவில் ஓரத்து ஃபாயில் சுருண்டு வருகிறது.

மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவர் பிளைவுட்டில் லேமினேட் (மேலே ஒட்டும் கெட்டித் தகடு) என்கிறார், இன்னொருவர் எம்.டி.எஃப்பில் பி.யூ (பாலியூரித்தேன்) பெயிண்ட், மூன்றாமவர் சுற்றிலும் மரச்சட்டம், நடுவில் பலகை என்று வரும் ஷேக்கர் கதவு. மூவருமே உள்ளங்கை அளவுத் துண்டை நீட்டி "இதுதான் குவாலிட்டி" என்கிறார்கள். முன்பக்கம் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கிறது. எதை வைத்துத் தரம் பிரிப்பது?

மரத்தூள்:
முதலில் அந்தத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீல் துளை போட்ட முழுக் கதவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தை யார் வேண்டுமானாலும் அழகாக்கிவிடலாம். வேலையின் தரம் தெரிவது விளிம்பில், முதுகில், அந்தத் துளையில்.

உங்கள் சிங்க் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் கதவின் முகத்தில் இறங்கி, அடி விளிம்பில் சொட்டாகத் தொங்கி நிற்கும். யார் கையும் துடைக்கப் போகாத இடம் அது. மூட்டு மயிரிழை திறந்திருந்தாலும் போதும், எம்.டி.எஃப்பின் நார் அதைக் குடித்துவிடும். ஒருமுறை உப்பினால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது.

அதனால் எட்ஜ் பேண்டிங்கை, அதாவது பலகையின் வெட்டு விளிம்பை மூடி ஒட்டும் பட்டையை, விளிம்பு நெடுகப் பாருங்கள், குறிப்பாக இரண்டு பட்டைகள் சேரும் மூலையை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் எங்கும் தட்டக் கூடாது. வெளிர் நிறக் கதவில் பசைக்கோடு தடித்த அழுக்குக் கோடாகத் தெரிந்தால் வேண்டாம். என்ன பசை என்றும் கேளுங்கள். ஈ.வி.ஏ பசை சூடு பட்டால் மறுபடி இளகும். பி.யூ.ஆர் ஈரத்தை உறிஞ்சி இறுகும் வகை, பிறகு இளகாது. சிங்க், ஓவன் பக்கமாவது பி.யூ.ஆர் கேளுங்கள்.

தாழ்வாரம்:
இவ்வளவு எதற்கு? வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில் எல்லாக் கதவையும் போட்டுவிட்டால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அதுதான், ஒன்றும் ஆகவில்லை.

மரத்தூள்:
சிங்குக்குக் கீழே பிளைவுட் என்றால் நானும் சரி என்பேன். ஆனால் வாட்டர்ப்ரூஃப் என்பது அடுக்குகளை ஒட்டிய பசையைப் பற்றிய பேச்சு அக்கா. மரம் வளையாது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆளுயரக் கதவைப் பிளைவுட்டில் போட்டால் வில் மாதிரி வளையும் வாய்ப்பு அதிகம். எம்.டி.எஃப்புக்கு ரேகை இல்லாததால் தட்டையாக நிற்கும், பெயிண்டும் வழுவழுவென்று உட்காரும். பிளைவுட்டில் பெயிண்ட் அடித்தால் நாளாக ஆக ரேகை மேலே தெரியத் தொடங்கும். ஈரம் தாங்கும் எம்.டி.எஃப்பும் இருக்கிறது. உள்ளே பச்சையாக இருப்பதைக் காட்டி விற்பார்கள். பச்சை வெறும் அடையாளச் சாயம்தான், போர்டின் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

நிலாமுற்றம்:
நன்றி அண்ணா. மூன்று முழுக் கதவையும் பார்த்துவிட்டேன். லேமினேட் கதவின் முதுகில் மெல்லிய வெள்ளைத் தாள் மட்டும் ஒட்டியிருக்கிறது. நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிகிறது. பெயிண்ட் கதவில் குறை எதுவும் கண்ணில் படவில்லை. ஷேக்கர் கதவைத் தட்டினால் நடுப்பலகை லேசாக ஆடுகிற மாதிரி சத்தம் வருகிறது. மட்டமான வேலையா?

மரத்தூள்:
முதல் கதவை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் தடித்த லேமினேட், மறுபக்கம் தாள் என்றால் இரண்டும் ஈரத்துக்கு வேறு வேறு அளவில் நீளும், சுருங்கும். அந்த இழுப்பில்தான் வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும்.

ஷேக்கர் ஆடுவது குறை இல்லை. நடுவில் இருப்பது அசல் மரப்பலகை என்றால் சட்டத்தின் காடிக்குள் (உள்விளிம்பில் வெட்டிய பள்ளம்) பசை இல்லாமல் மிதக்கத்தான் வேண்டும். மரம் ரேகைக்குக் குறுக்கே அகலமாகும், சுருங்கும். பசை வைத்து இறுக்கினால் பலகை பிளக்கும், இல்லையென்றால் சட்டத்தின் மூட்டு விடும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் காடிக்குள் சின்ன ரப்பர் உருண்டை வைக்கச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பலகைக்குச் சாயம் அடித்தார்களா? இல்லையென்றால் வறண்ட பருவத்தில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் சாயம் படாத வெளிறிய கோடு எட்டிப் பார்க்கும்.

கீல்காரன்:
பெயிண்ட் கதவை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். கீலின் கிண்ணம் போன்ற பகுதி கதவின் முதுகில் பதிகிற துளை 35 மி.மீ விட்டம், ஆழம் 12 அல்லது 13. கதவு 18 மி.மீ என்றால் முகப்புப் பக்கம் 5 மி.மீ அளவுதான் மிஞ்சும். துளையின் வாய் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். உள்ளே பெயிண்ட் படாத வெறும் எம்.டி.எஃப் தெரிந்தால், சிங்க் பக்கத்துக் கதவுக்காவது ஈரம் புகாமல் அடைக்கும் சீலரை ஒரு கை தடவிவிடுங்கள்.

எடையும் பாருங்கள். 600 × 720 மி.மீ அளவில் 18 மி.மீ எம்.டி.எஃப் கதவு கிட்டத்தட்ட 6 கிலோ வரும், அதற்கு இரண்டு கீல் போதும். 2 மீட்டர் உயரக் கதவுக்கு நாலு போடுங்கள்.

பழைய பாடியில் கீல் பிளேட் (கீலைப் பாடியோடு பிடிக்கும் தகடு) இருக்கிற இடத்துக்கே புதுத் துளை வர வேண்டும். மேல் விளிம்பிலிருந்து கிண்ணத்தின் மையம் எத்தனை மி.மீ என்று ஒவ்வொரு கதவுக்கும் தனியாகக் குறித்துக் கொடுங்கள். அகல உயரத்தைப் பாடியில் எடுங்கள், உப்பிய கதவில் எடுக்காதீர்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே 3 மி.மீ சந்து விடச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் சிங்குக்குக் கீழே ஈரம் தாங்கும் எம்.டி.எஃப், மற்றதெல்லாம் சாதா எம்.டி.எஃப், எல்லாமே பெயிண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். ஓவன் பக்கம் மட்டும் இன்னும் பயம்.

மரத்தூள்:
பெயிண்டில் உரிந்து வர ஃபாயில் இல்லை, அந்தத் தொல்லை போச்சு. ஆனால் கதவை மாற்றும் முன் ஓவன் கதவின் ரப்பர் சீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அனல் அதன் வழியாகத்தான் கசியும். ஓவனுக்கும் கதவுக்கும் இடையே பாடியின் விளிம்பில் திருகும் உலோகப் பட்டை கிடைக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அப்புறம் கதவுகளை இரண்டு தவணையாகப் பிரிக்காமல் ஒரே நேரத்தில் பெயிண்ட் அடிக்கக் கொடுங்கள். அடுத்த முறை கலக்கும் வெள்ளை இதே வெள்ளையாக இருக்காது.