சிவிக் எஸ்ஓ4: கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார் போமென் (மெக்கானிக்), ஆனால் ஈரம் மேலே டிஸ்டிரிபியூட்டர் பக்கம் இருக்கிறது

செந்தூல்வாசி:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. 1998 ஹோண்டா சிவிக் எஸ்ஓ4, 1.6 வீடெக், மேனுவல் கியர். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த வண்டி, இப்போது என் கையில். ரெண்டு மாதமாக என்ஜின் எண்ணெய் ஒழுகுகிறது. காலையில் எடுக்கும்போது தரையில் ஐம்பது காசு அகலத்துக்கு மூன்று நான்கு பொட்டு. பிளாட் பார்க்கிங்கில் அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் போட்டு வைத்திருக்கிறேன், அப்படியும் போன வாரம் நிர்வாகத்திலிருந்து கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வொர்க்ஷாப்பில் காட்டினேன். போமென் வண்டியை ஏற்றிக் கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் தொங்குகிறது, பின்பக்க கிராங்க் சீல் (என்ஜினின் பிரதான தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்குவதோடு கிளட்ச் செட்டையும் மாற்றிவிடலாம், மொத்தம் 1,100 வெள்ளி (ரிங்கிட்) என்றார். மேலே பானெட்டைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நானே திறந்து பார்த்தேன். டிஸ்டிரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) அடியில் விரலை விட்டால் கறுப்பாக எண்ணெய். அதுக்குக் கீழே உள்ள தண்ணீர் ஹோஸும் பிசுபிசு என்று இருக்கிறது. கிளட்ச் வழுக்கவில்லை, ஏற்றத்தில் நன்றாகவே இழுக்கிறது. மேலே ஒழுகி கீழே வருகிறதா, இல்லை ரெண்டு இடத்திலும் ஒழுகுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பானர் செட் இருக்கிறது, அனுபவம்தான் இல்லை.


பிறைக்காரன்:

தம்பி, அந்த 1,100 வெள்ளியை இப்போதைக்குப் பையிலேயே வை.

பட்டர்வொர்த் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இதே தொழில்தான் பார்க்கிறேன். இந்த என்ஜினில் டிஸ்டிரிபியூட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார். ஹெட்டின் (என்ஜினின் மேல்பகுதி) ஓரத்தில், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நுனியில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே. அங்கே ஒழுகினால் எண்ணெய் ஹெட் ஓரமாக வழிந்து கியர்பாக்ஸ் மேல் விழுந்து, அப்படியே சுற்றிக்கொண்டு போய் பெல் ஹவுசிங் (என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) அடியில் தொங்கும். கீழேயிருந்து மட்டும் பார்த்தால் யாருக்கும் கிராங்க் சீல் மாதிரிதான் தெரியும். எண்ணெய் மேலே ஏறாது தம்பி, அதனால் ஒழுக்கு தேடும்போது எப்போதும் ஈரம் தெரியும் ஆக உயரமான இடத்திலிருந்து ஆரம்பி. கிராங்க் சீல் நன்றாக ஒழுகும் மேனுவல் வண்டியில் பல நேரம் கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டு வழுக்க ஆரம்பித்துவிடும், உனக்கு அது இல்லை என்கிறாய். அதை வைத்து மட்டும் சீல் நல்லது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் சந்தேகம் மேலேதான் போகிறது.

அந்த மூலையில் சந்தேகப்பட மூன்று பேர். ரோக்கர் கவர் (ஹெட்டின் மேல் மூடி) கேஸ்கெட், அதன் ஓரத்திலிருந்து வழிந்தால் டிஸ்டிரிபியூட்டர் மேல்பக்கமும் நனைந்திருக்கும். அடுத்து டிஸ்டிரிபியூட்டர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அது ஒழுகினால் மேலே காய்ந்திருக்கும், ஹெட்டோடு சேரும் கோட்டிலிருந்து கீழே மட்டும் ஈரம். மூன்றாவது ஹெட்டின் பின்பக்கம் இருக்கிற வீடெக் சொலினாய்டு (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) கேஸ்கெட். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் குனிந்து எட்டிப் பார்த்தால்தான் கண்ணில் படும். இன்னொன்று கேட்கிறேன், ஜாமில் நிற்கும்போது எண்ணெய் எரிகிற வாடை வருகிறதா? இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம். ரோக்கர் கவர் முன்னால் ஒழுகினால் வாடை காட்டிக்கொடுத்துவிடும், டிஸ்டிரிபியூட்டர் பக்கம் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒழுகும்.

சோதனை ரொம்பச் சுலபம். என்ஜின் ஆறின பிறகு டிஸ்டிரிபியூட்டரை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, அந்த மூலை முழுக்க டிகிரீசர் அடித்து பிரஷ்ஷால் தேய், துணியால் துடை, நன்றாகக் காயவிடு. தண்ணீர் ஜெட்டை நேராக டிஸ்டிரிபியூட்டர் மேல் அடிக்காதே, உள்ளே இறங்கினால் ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை மூன்று இடத்திலும் தூவிவிட்டு பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார். எங்கே பவுடர் முதலில் கறுக்கிறதோ அங்கேதான் ஓட்டை. ஒரு வாடிக்கையாளர், என்ன அண்ணே என்ஜினுக்குத் திருநீறு பூசுகிறீர்கள் என்று கேட்டார். பூசினால்தான் அது உண்மை பேசும் என்றேன்.


ராவாங்_வீரா:

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? என் வீரா காரிலும் இதே கதைதான். நன்றாகத் துடைத்துவிட்டு சுற்றிலும் சிலிக்கோன் பூசினேன், எட்டு மாதம் ஒரு சொட்டு இல்லை. ஐந்து வெள்ளி வேலை.


பிறைக்காரன்:

எட்டு மாதம் கழித்து? அதையும் சொல்லுங்கள் பாஸ். வெளியே பூசின சிலிக்கோன் சூட்டில் தோல் மாதிரி உரிந்து வரும், பிறகு ஓ-ரிங் மாற்ற டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றும்போது உள்ளே விழுந்த துண்டு எண்ணெயோடு போய் பம்ப் சல்லடையில் உட்காரும். ஓ-ரிங் அதைவிட மலிவு. உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம், ஆனால் தம்பிக்கு இதைச் சொல்லாதீர்கள்.


ஜெலுத்தோங்_அக்கா:

என்னிடமும் இதே மாடல்தான் தம்பி, பத்து வருடமாக நானே கழற்றி நானே மாட்டுகிறேன். பிறைக்காரன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயம் விட்டுவிட்டார். வெளியே ஒழுகுவது வேறு, உள்ளே ஒழுகுவது வேறு. ஓ-ரிங்கைக் கையில் எடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே பார்.

என் வண்டி மழை நாளில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில் விக்கி விக்கிப் போகும். பிளக் மாற்றினேன், வயர் மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே அடியில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் எண்ணெய் தேங்கி நிற்கிறது, ரோட்டர் (மூடிக்குள் சுற்றும் துண்டு) பளபள என்று நனைந்திருக்கிறது. அதற்குக் காரணம் வெளி ஓ-ரிங் இல்லை, உள்ளே தண்டைச் சுற்றி ஒரு சின்ன ஆயில் சீல் இருக்கிறது, அது போய்விட்டது. வெளி ஓ-ரிங்கை எத்தனை மாற்றினாலும் இது நிற்காது. எண்ணெயோடு செம்மண் நிறத்தில் தூளும் இருந்தால் பேரிங்கும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரோட்டரைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், ஆட்டம் தெரிந்தால் சீலை மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஆடுகிற தண்டு புது சீலையும் தின்றுவிடும்.

நான் முதலில் சோம்பேறித்தனமாக ஹாஃப் கட் (பழைய வண்டி பாகங்கள்) கடையில் ஒரு டிஸ்டிரிபியூட்டர் வாங்கி மாட்டினேன். அதுவும் அதே வயசுதானே, ஆறே மாதத்தில் கிரீச் என்று கத்த ஆரம்பித்தது. பிறகு என் பழையதையே பிரித்து பேரிங்கும் சீலும் அளவெடுத்து வாங்கிப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேம்ஷாஃப்டில் மாட்டும் அந்தக் கொக்கி நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இருக்கும், அதனால் டிஸ்டிரிபியூட்டரை ஹெட்டில் தலைகீழாக மாட்டவே முடியாது, நல்ல ஏற்பாடு. ஆனால் பின்னைத் தட்டி அந்தக் கொக்கியைத் தண்டிலிருந்தே கழற்றினால், திரும்பப் போடும்போது பாதிச் சுற்று மாறிப்போக வாய்ப்பு உண்டு. எனக்கு மாறிவிட்டது. சாவியைத் திருப்பினேன், டமார் என்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டு சீனக் கிழவி வெளியே ஓடி வந்துவிட்டார். கொக்கிக்கும் தண்டுக்கும் முதலிலேயே ஒரு கோடு கீறி வைத்திருந்தால் இந்தக் கூத்து இல்லை.

உனக்கு உள்ளே காய்ந்திருந்தால் கடவுள் புண்ணியம், வெளி ஓ-ரிங்கோடு முடிந்துவிடும்.


செந்தூல்வாசி:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. மூடியைக் கழற்றினேன், உள்ளே சுத்தமாகக் காய்ந்திருக்கிறது, தண்டிலும் ஆட்டம் இல்லை. பவுடர் தூவிவிட்டு பத்துமலை வரை போய் வந்தேன். ரோக்கர் கவர் ஓரம் வெள்ளையாகவே இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் ஹெட்டோடு சேரும் கோட்டில் கீழ்ப்பக்கம் பிறை நிலா மாதிரி கறுத்திருக்கிறது. எரிகிற வாடையும் இல்லை. சனிக்கிழமை கழற்றப்போகிறேன். எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) மாறிவிடுமா?


பிறைக்காரன்:

பயப்படாதே. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்று. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்காதே, மூடியை வயரோடு சேர்த்துத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வை, அப்போது எது எங்கே என்ற குழப்பமே வராது. அப்படியும் கலைந்துவிட்டால் வரிசை 1-3-4-2, ஒன்றாம் சிலிண்டர் டைமிங் பெல்ட் பக்கம். டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருப்பது மூன்று போல்ட், 12ஆம் நம்பர் ஸ்பானர், ஒன்று கீழே ஒளிந்திருக்கும், கையால் தடவித்தான் பிடிக்க வேண்டும். போல்ட் ஓட்டை நீளவாக்கில் இருக்கும், அதில்தான் டைமிங்கை முன்னே பின்னே நகர்த்துவது. ஆகவே போல்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே டிஸ்டிரிபியூட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் திருத்துகிற வெள்ளை மையால் குறுக்கே ஒரு கோடு போடு. திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோடு சேர்ந்தால் டைமிங் பழைய இடத்துக்கு வந்துவிடும். டைமிங் லைட் இருக்கிறவன் யாராவது கூட்டாளி இருந்தால் பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள். சர்வீஸ் கனெக்டரை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, ஐட்லிங்கில் புல்லியில் உள்ள சிவப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும். வயரை எடுக்க மறக்காதே.

கழற்றும்போது அடியில் துணி வை, கொஞ்சம் எண்ணெய் வரும். இறுகியிருந்தால் இடம் வலமாக அசைத்து அசைத்து இழு, ஸ்குரூ டிரைவரை நடுவில் செருகி நெம்பாதே, அலுமினியத்தில் கீறல் விழுந்தால் எந்த ஓ-ரிங்கும் உதவாது. பழைய ஓ-ரிங்கை எடுக்கவும் இரும்பு வேண்டாம், மூங்கில் சத்தே குச்சி போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம். பள்ளத்தைத் துடைத்து, புதியதில் என்ஜின் எண்ணெய் தடவி, முறுக்கு விழாமல் உட்கார வை. மாட்டும்போது கொக்கியை கேம்ஷாஃப்ட் பள்ளத்தோடு சேர்த்துக் கையாலேயே முழுவதும் உள்ளே தள்ளு. போகவில்லை என்றால் கொக்கி சேரவில்லை, போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கப் பார்க்காதே.

கடையில் வைட்டான் ஓ-ரிங் கிடைத்தால் அதையே வாங்கு, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருக்கும். சாதாரண கறுப்பு ரப்பரைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் அளவு முக்கியம். தவுக்கேயிடம் (கடை முதலாளி) பழையதை மட்டும் நீட்டாதே, அது நசுங்கி அளவு மாறியிருக்கும், மாடல் பெயரைச் சொல்லிக் கேள்.


செந்தூல்வாசி:

முடித்துவிட்டேன்! ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் முக்கால் மணி நேரம் அந்தக் கீழ் போல்ட்டுக்கே போய்விட்டது. பழைய ஓ-ரிங் உருண்டையாகவே இல்லை, சுற்றிலும் சதுரமாகத் தட்டையாகிப்போய் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது. குச்சியால் நெம்பினதும் டிக் என்று ரெண்டாக உடைந்தது. ஒரு துண்டை மேசையில் வைத்து விரலால் தட்டினால் சத்தம் கேட்கிறது, ரப்பர் இப்படியா ஆகும்!

ஸ்டார்ட் பண்ணினேன், ஒரே அடியில் எடுத்தது. வெள்ளைக் கோடும் சேர்ந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் பவுடர் தூவிப் பார்த்தால் பின்பக்கம் வீடெக் சொலினாய்டு அடியில் லேசாக ஒரு ஈரம். பெரிய ஒழுக்கில் இது தெரியாமல் இருந்ததோ என்னவோ. அண்ணன் சொன்ன மூன்றாவது ஆளும் மாட்டிக்கொண்டான்.


ஜெலுத்தோங்_அக்கா:

சபாஷ் தம்பி. சொலினாய்டுக்கு மூன்று சின்ன போல்ட், 10ஆம் நம்பர். கேஸ்கெட்டிலேயே ஒரு சல்லடை இருக்கும், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்று. வயரைப் பிடித்து இழுக்காதே, கிளிப் இந்த வயசில் பிஸ்கட் மாதிரி உடையும். டிஸ்டிரிபியூட்டருக்கு அடியில் எண்ணெயில் ஊறின அந்தத் தண்ணீர் ஹோஸையும் அமுக்கிப் பார், கொழகொழ என்று ஊதிப்போயிருந்தால் மாற்றிவிடு. ஹைவேயில் அது வெடித்தால் ஹெட்டுக்கே செலவு.


பிறைக்காரன்:

பிசிவி வால்வைப் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பார்த்தாயா? அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அது வழியாக எண்ணெயைத் தள்ளும். ரெண்டு இடத்தில் ஒழுகுகிறது என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஐட்லிங்கில் விட்டு, அந்த வால்வின் ஹோஸை லேசாகக் கிள்ளி விடு. வால்வ் டிக் என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும்.


செந்தூல்வாசி:

இப்போதுதான் கீழே போய்க் கிள்ளிவிட்டு வருகிறேன். மூன்று தடவை கிள்ளினேன், ஒரு சத்தமும் இல்லை. அந்த ஹோஸை அமுக்கினால் உறுதியாகவே இருக்கிறது, தண்ணீர் ஹோஸ் மட்டும் கொழகொழதான். நாளைக்குக் கடைக்குப் போகிறேன்: வால்வ், சொலினாய்டு கேஸ்கெட், தண்ணீர் ஹோஸ். இதுவரை ஆன செலவு 14 வெள்ளி, பவுடர் அம்மாவுடையது.


பிறைக்காரன்:

அம்மாவுக்கு ஒரு டப்பா வாங்கிக் கொடு. கேஸ்கெட் மாற்றின பிறகு மறுபடியும் தேவைப்படும்.