கழுவின அன்னக்கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போன அக்கா

காசிமேடு மல்லி:

தற்கொலை எண்ணத்துல இருக்கிறவங்களை யாராவது பக்கத்துல இருந்து பாத்த அனுபவம் இருக்கான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு இருக்கு. ஆள் அடையாளம் தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு மாத்தியிருக்கேன்.

எங்க லைன்ல கடைசி வீட்டு அக்கா மீன் வியாபாரம். தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, வர்ற கொஞ்ச மீனும் நெருப்பு விலை. ஆனா குழுக் கடன்காரன் வாரா வாரம் கரெக்டா வந்து நிப்பான். அவனுக்கு ஏது தடைக்காலம்?

மே கடைசியில ஒரு சாயங்காலம். மீன் விக்கிற அன்னக்கூடையை சபீனா போட்டுப் பளபளன்னு தேச்சு எங்க வாசல்ல கவுத்து வச்சாங்க. "நீயே வச்சுக்க மல்லி, எனக்கு இனிமே எதுக்கு"ன்னாங்க. ஒரு மாசமா அழுது வீங்கியிருந்த மூஞ்சி அன்னிக்கு அவ்ளோ அமைதி. அந்த அமைதிதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

நான் முதல்ல சொன்னது, "சும்மா இருக்கா, புள்ளைங்களை நினைச்சுப் பாரு." இதைச் சொல்லியிருக்கவே கூடாது. "ஆமாமா, சும்மாதான் சொன்னேன்"னு கிளம்பிட்டாங்க.

மனசு கேக்கல. ராத்திரி பத்து மணிக்கு அவங்க வீட்டுக்குப் போனேன். டிவியில சீரியல் சத்தமே இல்லாம ஓடுது. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டேன்: "அக்கா, செத்துடலாம்னு நினைக்கிறியா?" ரொம்ப நேரம் டிவியையே பாத்துட்டு "ம்"னாங்க. அப்புறம் கொட்டித் தீத்தாங்க. நான் ஒண்ணும் பதில் சொல்லல, என்கிட்ட பதிலும் இல்ல. கடைசியா என் போன்ல அரசோட மனநல உதவி எண் 14416 போட்டுக் கையில கொடுத்தேன். தமிழ்லதான் பேசினாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு. அன்னிக்கு அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூப்பிட்டப்பதான் பெரிய சண்டை. "நான் இன்னா கீழ்ப்பாக்கம் கேஸா?" 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரியை நாம வசவாவே மாத்தி வச்சிருக்கோம் பாருங்க. "தூக்க மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்துடலாம்"னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.

புளியந்தோப்பு தம்பி:

மல்லிக்கா, நான் அந்தப் பக்கத்து ஆளு. 2019ல முயற்சி பண்ணிப் பொழைச்சவன். எப்படின்னு எழுத மாட்டேன், அது யாருக்கும் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில (பேர் வேணாம்) ஊசி போட வந்தவரே "சாவுறவன் ஒழுங்கா சாவணும், எங்க உயிரை ஏன்டா வாங்குற"ன்னார். அதைக்கூட விட்டுடலாம். போலீஸ் கேஸ் ஆகும்னு யாரோ அம்மாவை மிரட்ட, அம்மா "தெரியாம நடந்துடுச்சு சார்"னு எழுதிக் கொடுத்துட்டாங்க. உடம்புக்கு மட்டும் வைத்தியம் பாத்து மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மனநல டாக்டர் பக்கமே போகல. போய்ப் பாக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆச்சு.

2017 மனநலச் சட்டத்தோட 115ஆம் பிரிவு, முயற்சி பண்ணவங்க கடும் மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்கறது அரசோட கடமைன்னே சொல்லுது. எங்களுக்கு அப்போ தெரியல. 2024 ஜூலை 1ல வந்த புதுக் குற்றவியல் சட்டத்துல, தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய 309ஆம் பிரிவே கிடையாது. அரசு ஊழியரை வேலை செய்ய விடாம மடக்கறதுக்காக அப்படிச் செஞ்சா மட்டும்தான் தனிப் பிரிவு. அதனால தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க.

ராத்திரி டூட்டி:

ஒரு உதவி எண்ல தன்னார்வலரா இருக்கேன். யார் என்ன பேசினாங்கன்னு எழுத மாட்டேன். ஆனா மல்லி கேட்ட அந்தக் கேள்வி இருக்கே, பயிற்சியில எனக்கு வாயில வரவே வராம நாலு தடவை திக்கின கேள்வி அது. நேரடியாக் கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு எல்லாருக்கும் பயம். அப்படி ஆகாது. உள்ளே வச்சுப் புழுங்குறவங்களுக்கு அது கதவைத் திறந்து விட்ட மாதிரி.

"ஆமா"ன்னு சொன்னா அந்த ராத்திரி தனியா விடாதீங்க. ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டுற இடத்துல இல்லாம எடுத்து வைங்க.

சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986லயே ஆரம்பிச்ச சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கு: 044-2464 0050. அரசோட 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். பிளஸ் டூ ரிசல்ட் நேரத்துல வீட்டுல புள்ளைங்க இருந்தா, அதே வருஷம் துணைத் தேர்வு இருக்குன்னு ரிசல்ட்டுக்கு முந்தியே சொல்லி வைங்க. மார்க் வந்தப்புறம் காதுல ஏறாது.

காசிமேடு மல்லி:

தம்பி, நீ இருக்கிறதே சந்தோஷம்டா.

அக்கா என்ன ஆனாங்கன்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டாங்க. மாத்திரை சாப்பிடுறாங்க. கடன் இன்னும் இருக்கு, குழுவுல பேசித் தவணையைக் குறைச்சிருக்கோம். தடை முடிஞ்சு போட்டெல்லாம் கரைக்குத் திரும்பின அன்னிக்கு விடிகாலை மூணு மணிக்குக் கதவைத் தட்டி "எங்கடி என் கூடை"ன்னாங்க. நான் அதுல துணி ஊற வச்சிருந்தேன். தெருவே எழுந்திரிக்கிற மாதிரி திட்டு வாங்கினேன்.